சின்ன ஊருக்கு இத்தனை சங்கம் எதற்கு?

ஆகஸ்ட் 12, 2023 (கேள்வி)

எங்கள் ஊர் ஒரு சின்ன நகராட்சி. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். அது போதாதென்று தெருவுக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், வணிகர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், மனமகிழ் மன்றம் இரண்டு, நற்பணி மன்றம் நாலைந்து. ஆண்டு விழா, பொன்னாடை, பேனர். ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பதைத் தவிர இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? எல்லாவற்றையும் கலைத்துவிட்டுக் கவுன்சிலரைக் கேள்வி கேட்டால் போதாதா?

ஆகஸ்ட் 12, இரவு

போதாது. நான் எங்கள் நகர் சங்கத்தில் ஆறு வருடமாகச் செயற்குழுவில் இருக்கிறேன். எங்கள் ஊரும் நகராட்சிதான். பொன்னாடை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கலைத்துவிடலாம் என்பதில்தான் சண்டை.

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஓர் இடம் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் இடத்துக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியதோடு சரி. இருபது வருடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. 2018-ல் ஒரு நாள் காலை அங்கே நான்கு மூலையிலும் கல் ஊன்றி, மூன்று பக்கம் கம்பி கட்டியிருந்தார்கள். பால் வாங்கப் போன ஒரு உறுப்பினர் கண்ணில்தான் முதலில் பட்டது.

அப்போதைய செயலாளர் அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். முதல் முறை வில்லங்கச் சான்று. இரண்டாம் முறை பத்திர எண்ணும் வருடமும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை தானப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. அதன் நான்காவது பக்கத்தில் ‘பூங்கா உபயோகத்திற்காக’ என்று இருந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு, கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கி, நகராட்சியில் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். இரண்டு மாதத்தில் கம்பி போனது. கல் இன்னும் இரண்டு நிற்கிறது. பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக வைத்திருக்கிறார்கள்.

தனி ஆளாகப் போய் அந்த மனுவைக் கொடுத்திருந்தால் ‘உங்களுக்கு என்னம்மா சம்பந்தம்’ என்று ஒரு கேள்வி வந்திருக்கும். சங்கம் அந்தக் கேள்விக்கான பதில்.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். வேண்டாம் என்றால் பதியாமலே நடத்திக்கொள்ளலாம். அவ்வளவு எளிது.

ஆகஸ்ட் 13

நேற்று கடைசி வரியில் எழுதியது தவறு. ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம் என்பது சரி. ஆனால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி, உறுப்பினர் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். சட்டம் 1978-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய பத்தாயிரம் பெரிய தொகை. இன்று ஒரு தெருவில் மாதம் 50 ரூபாய் வீதம் பதினேழு வீட்டில் வாங்கினாலே தாண்டிவிடும். பதியாமல் நடக்கிற சங்கங்களில் பாதிக்குத் தாங்கள் விதியை மீறுகிறோம் என்பதே தெரியாது.

ஆகஸ்ட் 19

நீங்கள் ரசீதுப் புத்தகம் என்றது ஒரு வாரமாக என்னை விடவில்லை. உள்ளே நடந்ததைச் சொல்லாமல் வெளியே நடந்ததை மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. எங்கள் கதையில் கெட்ட பாகமும் உண்டு.

தலைவர் ஐயா பதினான்கு வருடம் தலைவர். 2009-ல் தேர்தல் நடந்தது, அப்புறம் இல்லை. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை நிர்வாகிகள் மாறும்போதும் படிவம் 7 நிரப்பி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அதுவும் 2009-க்குப் பிறகு போகவில்லை.

போன வருடம் பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் கட்டலாம் என்று ‘நமக்கு நாமே’ திட்டத்தில் கேட்டோம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் பங்குக்குப் பணம் இருந்தது. வங்கியில் 1,86,000 ரூபாய். எடுக்கப் போனால், கையெழுத்துப் போட வேண்டியவர்களில் பொருளாளர் இறந்து மூன்று வருடம். புதுப் பொருளாளரைச் சேர்க்கத் தீர்மான நகலும் கடைசியாகத் தாக்கல் செய்த படிவம் 7-ம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது 2009-ம் வருடத்தது. பணம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. சுவர் அந்த வருடம் போயிற்று.

அதற்கப்புறம் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீள சைஸ் பைண்டு நோட்டு, சிவப்புத் துணி முதுகு. பக்கத்துக்குப் பக்கம் ‘மேற்கண்ட தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’. பல வருடத்துக் கூட்டங்கள் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது போல. நான் போகாத கூட்டத்துக்கு நான் முன்மொழிந்ததாக ஒரு தீர்மானம். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றுக்காரர் என்றுதான் வீட்டில் வந்து சொன்னேன்.

இந்த மாதிரி நடந்தால் மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மனு கொடுத்தால் அவர் விசாரணை நடத்தலாம், சட்டம் 36-ம் பிரிவில் இடம் கொடுக்கிறது. அங்கே போனால் தீரும்.

ஆகஸ்ட் 20

ஒருவர் கூட்டுறவுச் சங்கமும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார். இல்லை. அது 1983-ம் வருடத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், வேறு பதிவாளர், வேறு தேர்தல் முறை. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியது, அந்த மரபு தனி. பெயரில் சங்கம் என்று இருப்பதால் அலுவலகம் மாறி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 2 (கேட்டவர்)

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆறு வருடமாக மாதச் சந்தா கொடுக்கிறேன். கூட்டத்துக்கு ஒரு முறை போனேன். ‘சார், இது ஓனர்களுக்கு’ என்றார்கள். நான் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது.

செப்டம்பர் 3

உங்கள் நான்கு வரியைப் படித்துவிட்டு நேற்று இரவே எங்கள் பைலாவை, அதாவது சங்கத்தின் விதிகளை, எடுத்தேன். உறுப்பினர் தகுதி என்ற இடத்தில் ‘இந்நகரில் மனை அல்லது வீடு உடையவர்’ என்று இருக்கிறது. அப்புறம் வசூல் நோட்டை எடுத்தேன். சந்தா கொடுக்கிற வீடுகளில் முப்பத்து எட்டு வாடகை வீடு. பணம் வாங்கும்போது அவர்கள் ‘நம்ம நகர்க்காரர்கள்’. கூட்டம் என்றால் வெளியாட்கள். நான்தான் அந்த ரசீதுகளில் சில வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அது உறுத்தவில்லை.

இதற்கு இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்க வேண்டும்.

கவுன்சிலரைக் கேட்டால் போதாதா என்றதற்கு மட்டும் பதில் எழுதிவிடுகிறேன். 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. மார்ச் 2-ம் தேதிதான் புது உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டில் எந்த நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர்தான். எங்கள் பூங்காவில் கம்பி கட்டியது அந்தக் காலத்தில்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஜனங்கள் சங்கத்து வாசலில் வந்து நின்றார்கள். சங்கம் பெரிதானதே அப்போதுதான்.

கெடுதலும் அதில்தான் தொடங்கியது என்று இப்போது படுகிறது. கவுன்சிலர் செய்ய வேண்டிய வேலையை ஐயா செய்தார். ஐயா இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஆனது. அப்படி ஆன ஒருவரிடம் யார் கணக்கு கேட்பார்கள்?

செப்டம்பர் 18

விடுமுறை. வீட்டில் கொழுக்கட்டை வேலை முடிந்து உட்கார்ந்தபோது மகள் பள்ளிக்கூடத்துக்காக உத்திரமேரூர் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். குடவோலை முறை நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்பதோடு நின்றுவிடுவோம். அதற்கு மேல் இருக்கிறதைத்தான் சங்கம் நடத்துகிறவர்கள் படிக்க வேண்டும்.

முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். முந்தைய மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரர்கள் பெயரையும் கூடாது. சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைத்து வைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியத்தான் அது. பிறகு உரக்கப் படிக்க வேண்டும்.

அந்த விரித்த கையை நான் அப்போதிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதில் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் நல்லவராகவே இருக்கட்டும், கை விரிந்திருக்கட்டும் என்று ஊர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. எங்கள் சங்கத்தில் கணக்கு கேட்டால் ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று ஐயாவுக்கு முகம் சுருங்கும். கேட்டவருக்கும் குற்ற உணர்ச்சி வரும். வழக்கமாக வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் அந்தச் சங்கடம் வந்திருக்காது.

செப்டம்பர் 19

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. மகள்தான் காட்டினாள். அங்கே குடவோலை பற்றிய கல்வெட்டு ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று. முதலாவதில் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்திக் கல்லில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். எங்கள் பைலா தட்டச்சுத் தாளில்தான் இருக்கிறது. அதைத் திருத்த எங்களுக்குக் கை வரவில்லை.

இன்னொன்று. உத்திரமேரூர்ச் சபை பிராமணர் ஊரின் சபை. கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்கள் பெயர்தான் குடத்துக்குள் போகும். உழுதவர்கள், பெண்கள், நிலமில்லாதவர்கள் யாரும் இல்லை. ‘அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்’ என்று நான் நேற்றுப் பெருமையாக எழுதப் பார்த்தேன். சொந்த மனையில் வீடு என்ற அந்த நிபந்தனை எங்கள் பைலாவிலும் இருக்கிறதே என்று காலையில்தான் உறைத்தது.

அக்டோபர் 8

ஆகஸ்ட் 19-ம் தேதி ‘மாவட்டப் பதிவாளரிடம் போனால் தீரும்’ என்று எழுதினேன். அதை நம்பி யாரும் பஸ் ஏற வேண்டாம். முழுதாகச் சொல்கிறேன்.

ஜூலையில் எங்கள் நகரின் இளைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்துப் புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். செய்தி தெரிந்து ஐயா தரப்பு அவசரமாக ஒரு கூட்டம் போட்டுத் தங்களைத் தாங்களே மறுபடி தேர்ந்தெடுத்தது. இரண்டு தரப்பும் படிவம் 7 நிரப்பியது. செப்டம்பர் கடைசியில் நானும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சாரும் பதிவாளர் அலுவலகம் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார். இரண்டு பேர் நாங்கள்தான் நிர்வாகிகள் என்று வந்தால், யார் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் இதைத்தான் சொல்லியிருக்கிறது. 36-ம் பிரிவு விசாரணை என்பது சங்கத்தின் நடப்பையும் பணத்தையும் பற்றியது, தேர்தல் தகராறைத் தீர்த்து வைப்பதற்கல்ல. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டுக்குப் போன சங்கம் ஒன்று பக்கத்து நகரில் இருக்கிறது. ஏழு வருடம் ஆகிறது. அவர்கள் கட்டிய நூலக அறையைப் பூட்டியது பூட்டியபடி, ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேஜை மேல் பழைய வாரப் பத்திரிகைகள் தெரியும்.

நாங்கள் போக வேண்டாம் என்று சார் பஸ்ஸிலேயே சொன்னார். ‘யார் ஜெயிச்சாங்கன்னு அப்புறம் பார்க்கலாம்மா. யாருக்கு ஓட்டு இருக்குன்னு முதல்ல பார்ப்போம்.’

ஆகவே இப்போது உறுப்பினர் பதிவேடு. போன ஞாயிறு பூங்காவில் பாய் விரித்து இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். மொத்தம் 112 பெயர். 31 பேர் இறந்துவிட்டார்கள். 19 பேர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு இறந்தவர் பெயருக்கும் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்கள். இவர்தான் முதல் குழாய் கொண்டுவந்தார், இவர் வீட்டில்தான் முதல் போன். இரண்டு தரப்புக்கும் நடுவில் இருந்த விறைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் இளகியது. மிச்சம் 62. வீடு வாங்கி வந்தும் பதிவேட்டில் ஏறாதவர்கள் 27 பேர். அவர்களையும் சேர்க்க இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. இப்போது 89.

அக்டோபர் 10

ஐயாவைப் பற்றி நான் எழுதியதைத் திருத்த வேண்டும்.

பழைய வவுச்சர்களுக்காக நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே வருடவாரியாகச் சணல் கட்டிய காகிதக் கட்டுகள். பல்பு வாங்கிய பில், தூர் வாரிய கூலிக்கு ரேகை வைத்த சீட்டு, ஒப்புகை முத்திரை விழுந்த மனு நகல்கள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பதினான்கு வருடத்துக்கு வங்கிப் புத்தகத்தோடு 2,340 ரூபாய் வித்தியாசம். அதுவும் செலவு கூடுதல். அவர் கைக்காசு.

‘ஏன் ஐயா கூட்டத்தில் இதைப் படிக்கவில்லை?’ என்றேன்.

‘கூட்டம் போட்டா ஆள் வரலியேம்மா. நாலு தடவை நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடிட்டர் கூட்டம் நடந்த மாதிரி எழுதிக்கச் சொன்னார், எழுதினேன்.’

அந்த நாலு கூட்டத்துக்கும் நான் போகவில்லை. நோட்டீஸ் வந்தது, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், நினைவிருக்கிறது. அவர் பொய்யாக எழுதியது தப்புதான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஏமாற்றுக்காரர் என்று நான் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. நேற்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி ஆறுது என்றார்.

அக்டோபர் 28

நோட்டீஸ் போட்டாயிற்று. பொதுக்குழு நவம்பர் 19, ஞாயிறு. பைலாப்படி 21 நாள் முன்னால் கொடுக்க வேண்டும். ‘அஞ்சல் சான்று பெற்று அனுப்ப வேண்டும்’ என்று அதே பைலாவில் இருக்கிறது. அஞ்சல் துறை அந்த வசதியையே 2011-ல் நிறுத்திவிட்டது. அதனால் வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம்.

நேரத்தை மாற்றியிருக்கிறோம். இத்தனை வருடமும் இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் பெண்கள் எப்படி வருவார்கள்? உள்ளாட்சி மன்றங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்த மாநிலம் இது. எங்கள் நகர்மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். சங்கத்துச் செயற்குழுவில் நான் ஒருத்தி. கூட்டத்தை மாலை நாலரைக்கு வைத்ததும் எதிர்வீட்டு அக்கா, ‘அப்போ நானும் வர்றேன், கேட்க ரெண்டு விஷயம் இருக்கு’ என்றார். பதினெட்டு வருடமாக எதிர்வீடு.

நிகழ்ச்சி நிரலில் நான்கு பொருள். கணக்கு வாசித்தல். தேர்தல். சுற்றுச்சுவர். நான்காவது, உறுப்பினர் தகுதியில் ‘அல்லது ஓராண்டுக்குக் குறையாமல் வாடகைக்கோ ஒத்திக்கோ குடியிருப்பவர்’ என்று சேர்க்கும் பைலாத் திருத்தம். வந்திருப்பவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஜெயிக்குமா, தெரியாது.

நவம்பர் 1

இன்று உள்ளாட்சி நாள். போன வருடம் இதே நாளில்தான் நகர்ப்புறத்தில் பகுதி சபை என்று தொடங்கினார்கள். கிராமத்தில் கிராம சபை இருக்கிறது, டவுனில் ஒன்றும் இல்லையே என்று நெடுநாள் குறை. சபையில் பேச வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். வீடு சொந்தமா என்று யாரும் கேட்பதில்லை. சங்கத்துக்கும் சபைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதில்தான் புரிந்தது. கேட்டவரே, உங்கள் வார்டில் சபை கூடும்போது போங்கள். அங்கே உங்களை ‘ஓனர்களுக்கு’ என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

போன வருடம் எங்கள் பகுதியில் வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் எங்கள் சங்கத்தார். ஐயாதான் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

நவம்பர் 19, இரவு

47 பேர் வந்தார்கள். நாற்காலி பத்தவில்லை, பூங்காக் கல் இரண்டிலும் ஆள் உட்கார்ந்தது.

கணக்கு வாசிக்க ஐம்பது நிமிடம். 2,340 ரூபாய் வித்தியாசத்தையும் படித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து இளைஞர் தரப்புத் தம்பி எழுந்து, ஐயாவுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் போடலாம் என்றான். ஐயா வேண்டாம் என்று கையை ஆட்டினார். தீர்மானம் நிறைவேறியது. தேர்தலில் சார் தலைவர், அந்தத் தம்பி செயலாளர், நான் பொருளாளர். எதிர்வீட்டு அக்கா செயற்குழு.

சுற்றுச்சுவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

நான்காவது பொருளுக்குத்தான் வாக்குவாதம். ஐயா எழுந்து எதிர்த்துப் பேசினார். பூங்கா இடத்துக்கு நாளை வழக்கு வந்தால் வருடக்கணக்கில் அலைய வேண்டும், நடுவில் வீடு மாறிப் போகிறவர்களை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவீர்கள் என்றார். நியாயமான கேள்வி. யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அக்கா மட்டும், ‘சொந்த வீட்டுக்காரங்க பத்தொன்பது பேரும் வித்துட்டுப் போகலியா ஐயா?’ என்றார்.

கை தூக்கி எண்ணினோம். ஆதரவு 41, எதிர்ப்பு 6. ஐயா அந்த ஆறில் ஒருவர். சார் புத்தகத்தில் பழக்கத்தில் ‘ஏகம’ என்று எழுதிவிட்டார். ஐயாவே எட்டிப் பார்த்து, ‘அடிங்க சார், நான் எதிர்த்திருக்கேன்’ என்றார். அடித்துவிட்டு எண்களை எழுதி, அவர் சொன்ன காரணத்தையும் கீழே எழுதினார்.

நவம்பர் 20

திருத்தம் பதிவாளரிடம் பதிவானால்தான் நடைமுறைக்கு வரும், இந்த வாரமே படிவம் 7-ஐயும் சேர்த்துக் கொண்டுபோகிறேன். அதற்குள் இன்று காலையே மூன்றாவது தெரு வாடகை வீட்டுப் பெண் விண்ணப்பத்தோடு வந்துவிட்டாள். கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. 2017-லிருந்து கொடுத்த சந்தா ரசீது ஒன்று விடாமல் வைத்திருக்கிறாள், முதல் இரண்டு வருடத்ததில் என் கையெழுத்து.

‘இதையெல்லாம் காட்டினா என்னை 2017-லயிருந்து உறுப்பினரா எழுதுவீங்களா?’ என்று கேட்டாள்.

பைலாவில் அதற்கு வழியில்லை. அடுத்த செயற்குழுவுக்கு முதல் பொருளாகக் குறித்து வைத்திருக்கிறேன்.